வீடு போன பெரிய வளவு

ஒரு புறாக்கூட்டைப் பார்ப்பதற்காகவே இந்த முறை நெடுந்தீவுக்குப் போனேன்.

நான் புங்குடுதீவில் பிறந்தவள். எங்கள் வீட்டிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு சைக்கிளில் போய் வந்துவிடலாம். சின்ன வயதில் இரண்டு தடவை நெடுந்தீவுக்குப் போயிருக்கிறேன். ஒன்று கலியாண வீடு, மற்றது செத்த வீடு. இரண்டு தடவையும் அந்தப் புறாக்கூட்டைக் கடந்துதான் போயிருப்பேன். கண்ணில் பட்டதாக ஞாபகமே இல்லை. இங்கிலாந்தில் இருபது வருஷம் இருந்த பிறகுதான் அது என்ன என்று விளங்கியது.

இங்கிலாந்துக்காரருக்குப் பழைய கிராமத்து மாளிகைகளைப் பார்க்கப் போவது நாங்கள் கோயில் திருவிழாவுக்குப் போவது மாதிரி. சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளையும் சாப்பாட்டுப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு விடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் அங்கே படித்ததால் நாங்களும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டோம். அப்படித்தான் இரண்டு கோடைக்கு முன்னர் போர்ட்ஸ்மத்திலிருந்து கப்பல் ஏறி வைட் தீவுக்குப் போய், ஒஸ்போர்ன் மாளிகையைப் பார்த்தோம். விக்டோரியா அரசியின் சொந்த வீடு அது. 1845இல் அரசியும் கணவர் அல்பேட்டும் வாங்கிய காணி. பழைய வீட்டை இடித்துவிட்டு, தோமஸ் கியூபிட் என்ற கட்டடக்காரரைக் கொண்டு இத்தாலிய மாளிகை போல ஒன்றைக் கட்டி 1851இல் முடித்தார்கள். கடலோடு ஒட்டிய காணி. அல்பேட்டுக்கு அந்தக் கடலைப் பார்க்க நேப்பிள்ஸ் நகரத்துக் குடாவின் நினைவு வந்ததாம். 1901 ஜனவரி 22ஆம் திகதி அரசி உயிர்விட்டதும் அந்த வீட்டில்தான்.

அங்கே தர்பார் அறை என்று ஒன்று இருக்கிறது. சுவரும் கூரையும் வெள்ளை வெளேரென்று சிற்ப வேலை, மயில்கூட இருக்கிறது. லாகூரிலிருந்து வந்த பாய் ராம் சிங் என்ற கலைஞர் 1890களின் தொடக்கத்தில் அமைத்தது. அவருடைய பெயர் அங்கே தெளிவாகச் சொல்லப்படுகிறது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் காணியின் இன்னொரு மூலையில் அரச பிள்ளைகள் தோட்டம் செய்து பழகிய இடம் இருக்கிறது. ஆளுக்கொரு பாத்தி, ஆளுக்கொரு சின்னத் தள்ளுவண்டி. ஒவ்வொரு வண்டியிலும் அந்தப் பிள்ளையின் பெயரெழுத்து. 170 வருஷத்துக்கு மேலாகியும் ஒரு பிள்ளையின் தள்ளுவண்டி யாருடையது என்று தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

அதே கோடையில் வேறொரு பழைய மாளிகையின் பின்வளவில் புறாக்கூடு பார்த்தேன். கல்லால் கட்டிய சின்னக் கோபுரம், உள்ளே வரிசை வரிசையாகப் பொந்துகள். நடுக்கால இங்கிலாந்தில் புறாக்கூடு வைக்கும் உரிமை பெரும்பாலும் ஊர்ப் பிரபுவுக்கும் மடங்களுக்கும் மட்டும் இருந்தது. அவர்களுக்குப் புது இறைச்சி, தோட்டத்துக்கு எரு. புறாக்கள் இரை மேய்வதோ குடியானவனின் வயலில். அவன் கல்லெடுத்து எறியக்கூடாது. புறாக்கூடு நிற்கிறது என்றால் பக்கத்தில் துரை ஒருவர் இருந்தார் என்று அர்த்தம்.

அதைக் கேட்ட உடனேதான் நெடுந்தீவு நினைவுக்கு வந்தது. எங்கேயோ ஒரு படத்தில் பார்த்த, தூணுக்கு மேல் நிற்கும் அந்தப் பொந்துக் கூண்டு.

பங்குனி மாதம் போனேன். சோளகம் தொடங்கினால் அந்தக் கடல் பொல்லாதது. பங்குனியில் எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் 776 பஸ் ஏறி, பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் பாலம், புங்குடுதீவு என்று வந்தால் கடைசித் தரிப்பு குறிகட்டுவான். தெரு முடிந்து கடல் தொடங்கும் இடம். நயினாதீவுக்குப் போகிற சனம்தான் எப்போதும் அதிகம். நாகபூசணி அம்மனிடம் போகிறவர்கள், நாக விகாரைக்குப் போகிறவர்கள், வெள்ளைச் சீலையும் அர்ச்சனைத் தட்டுமாக ஒரே வரிசையில் நிற்பார்கள். நெடுந்தீவுப் படகுக்கு வேறு முகங்கள். மாச் சாக்கு, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, மருந்துப் பையோடு திரும்பிப் போகிற வயதானவர்கள்.

தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்த ஒரு முதியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கை பிள்ளை, நயினை அம்மனிட்டையோ?"

"இல்லை அப்பு, நெடுந்தீவுக்கு."

"ஆற்றை வீட்டை?"

"ஒருத்தற்றை வீட்டையும் இல்லை. புறாக்கூடு பாக்கப் போறன்."

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு யோசித்தார். "உது ஆர் கட்டினது எண்டு கேட்டால் வெள்ளைக்காரன் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். வெள்ளைக்காரன் எங்கை பிள்ளை கல்லுச் சுமந்தவன்?"

படகு ஓடிய ஒரு மணி நேரமும் இந்தக் கேள்விதான் என்னோடு வந்தது.

இந்தக் கடலைக் கடக்கும்போது குமுதினியை நினைக்காமல் இருக்க முடியாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணம் செய்த பொதுமக்களை வெட்டிக் கொன்றார்கள். அதில் கைக்குழந்தையும் இருந்தது. நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கினால் அவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அங்கே பெயர்கள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தீவுக்குள் போனேன்.

எங்கள் ஊரில் வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள காணி. வேலி, கிணறு, பனை, மாட்டுக் கொட்டில், கோடியில் நிற்கும் வேம்பு, எல்லாம் சேர்ந்தது வளவு. சிங்களத்தில் வலவ்வ என்றால் பிரபுக்களின் மாளிகை. இரண்டு சொல்லும் உறவுதான், ஆனால் அவர்கள் வாயில் அது வீட்டைக் குறிக்கிறது, எங்கள் வாயில் நிலத்தைக் குறிக்கிறது. நெடுந்தீவைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. முழுத் தீவும் ஒரு துரையின் வளவாக நடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. துரை போய்விட்டார், அவருடைய வீடும் கூரையில்லாமல் போய்விட்டது. வளவு அப்படியே கிடக்கிறது.

தீவுக்கு முதலில் உரிமையாளர் யார் என்று ஊரில் கேட்டால் வெடியரசன் என்பார்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த மீகாமனோடு சண்டை பிடித்த அரசன். தீவின் மேற்குப் பக்கத்தில் அவனுடைய கோட்டை என்று சொல்லப்படும் கற்குவியல்கள் இருக்கின்றன. பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். இங்கே மேய்ந்த மாடுகளைக் கண்டு பசுக்களின் தீவு என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைக்கு லைடன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், நயினாதீவுக்கு ஹார்லெம், எங்கள் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். ஒன்றும் ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் அரசாங்கக் கடிதத் தலைப்புகளில் ஓடுகிறது.

பெயர் நின்றதற்குக் குதிரையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்த்துக்கேயர் தொடங்கிய குதிரை வளர்ப்பை ஒல்லாந்தர் பெரிதாக்கினார்கள். ரிக்லோஃப் வான் கூன்ஸ் என்ற அவர்களுடைய ஆளுநர் இந்த இனத்தைத் திருத்துவதில் அக்கறை எடுத்தவர். சுற்றிலும் கடல், ஓடிப்போக வழியில்லை, புல்வெளி இருக்கிறது. குதிரை வளர்க்க வேறு வேலியே தேவையில்லாத இடம். 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயர் இந்த வேலையையும் சேர்த்துப் பொறுப்பெடுத்தார்கள்.

அப்படி வந்தவர்தான் நோலன். அயர்லாந்துக்காரர், படையில் லெப்டினன்ட். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெடுந்தீவுக்குப் பொறுப்பாக இருந்தவர். குதிரைகளைப் பார்த்தார், நார் எடுக்கிற பயிர் செய்து பார்த்தார், வழக்குத் தீர்த்தார். கொழும்பு எங்கேயோ இருந்தது, யாழ்ப்பாணத்துக்கும் இடையில் கடல். ஒரு தீவில் ஒரு மனிதர் சொல்வதுதான் சட்டம் என்றால் அவர் ராசா மாதிரித்தான். அவரை அயர்லாந்து ராசா என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. பூனைக்கண்ணோடு ஒரு பிள்ளை பிறந்தால் நோலனின் பெயரைச் சொல்லும் வழக்கமும் ஊரில் இருந்திருக்கிறது. அந்தக் கதைகளை ரசித்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

ஓட்டோ பிடித்தேன். ஓடியவர் இருபத்தைந்து வயதுத் தம்பி. புறாக்கூட்டுக்கு முதலில் போகச் சொன்னேன். பழைய அரச கட்டடங்கள் இருந்த பகுதியில் நிற்கிறது. தூணுக்கு மேல் ஒரு கூண்டு, அதில் வரிசையாகப் பொந்துகள். சுண்ணாம்புச் சாந்து அங்கங்கே உதிர்ந்து உள்ளே முருகைக்கல் தெரிகிறது. செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். கடலால் பிரிந்த தீவில் அதுவும் நடந்திருக்கக்கூடிய காரியம்தான். எதற்காக வளர்த்திருந்தாலும் அது பிரபு வீட்டுப் பொருள். இங்கிலாந்தில் நான் பார்த்த கூட்டின் சின்னத் தங்கச்சி, வேறு கல்லில்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ஒரு மாளிகை வளவில் என்னென்ன இருக்கும்? தங்குவதற்குக் கோட்டை மாதிரி வீடு: கடற்கரைப் பக்கம் முருகைக்கல்லில் கட்டிய இரண்டு தட்டுக் கோட்டை, கூரையும் தளமும் போய், தடித்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பார்வைக்கு அரிய மரம்: ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம், அடியில் உள்ள பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். தென்பக்கக் கடலோரத்தில் கப்பல்களுக்கு அடையாளமாகக் குவிந்தா கோபுரம். குதிரை லாயம், கிணறு, மேய்ச்சல் வெளி, எல்லை மதில். ஒன்றும் குறைவில்லை.

சாராப்பிட்டிக் கிணறுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நெடுந்தீவு முழுக்கச் சுண்ணக்கல். ஆறு, குளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாரியில் பெய்யும் மழை கல்லின் ஊடாக இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அவசரப்பட்டு அள்ளினால் உப்பு மேலே வந்துவிடும். தீவின் பல கிணறுகள் சவர்த் தண்ணீர்தான். சாராப்பிட்டியில் நல்ல தண்ணீர். அதனால்தான் குதிரை லாயத்தை அந்தப் பக்கம் கட்டினார்கள். லாயத்தின் கல்தூண்கள் இன்றைக்கும் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. ஆழமில்லாத பல கிணறுகளாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிற முறைக்குப் பின்னால், இந்த மண்ணை அறிந்த அறிவு இருக்கிறது. எந்த ஒல்லாந்து நகரத்திலும் அது படிப்பிக்கப்படவில்லை. தண்ணீர் எங்கே நல்லது, எவ்வளவு அள்ளலாம் என்று காட்டியது இங்கே பிறந்தவர்கள்தான். அந்தப் பெயர்கள் எங்கே?

நாங்கள் போன நேரம் ஒரு ஆச்சி குடத்தோடு வந்தார். எங்கிருந்து வாறாய் என்று விசாரித்துவிட்டு, துலாவைக் காணாததால் நான் சுற்றும் முற்றும் பார்ப்பதைக் கண்டு, "கையாலை எட்டி அள்ளலாம் மோனை, பாத்து இறங்கு" என்றார். குடித்துப் பார்த்தேன். இனிப்பு என்று சொன்னால் மிகை. ஆனால் நெடுந்தீவில் மற்ற இடத்தில் குடித்தபின் இதைக் குடித்தால் அந்தச் சொல்தான் வருகிறது.

"முந்தி ஆர் ஆச்சி இதைத் தோண்டினது?"

"ஆர் கண்டது. எங்கடை ஆக்கள்தான். ஊழியத்துக்குப் போனவை எண்டு அம்மம்மா சொல்லுறவ."

ஊழியம். அந்தச் சொல்லை ஆச்சி சாதாரணமாகச் சொன்னார். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துச் சில சாதியினர் ஆண்டுதோறும் குறித்த நாட்கள் அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதன் பெயர் ஊழியம். மண் சுமப்பது, கல் சுமப்பது, கோட்டை வேலை. தவறினால் தண்டம். தீவில் எந்தக் கல்லை எந்தக் கை வைத்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பாட்டியிடமிருந்து பேத்திக்கு அந்த ஒரு சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

குதிரைகளைத் தெற்குப் பக்க வெளியில் கண்டோம். மட்டக்குதிரைகள். லாயத்தை மூடியபின் அவிழ்த்துவிட்டவற்றின் பரம்பரை. யாரும் ஏறுவதில்லை, யாரும் கட்டுவதில்லை. மழை பெய்தால் கொழுக்கும், வறட்சி வந்தால் தண்ணீருக்கு அலையும், கடும் வறட்சியில் செத்தும் போகும். 2015இல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு குட்டி தாயின் நிழலில் நின்றது. அந்த வெளியில் வேறு நிழல் கிடையாது.

நான் மிகவும் விரும்பியது கல்வேலிகளை. யாழ்ப்பாணத்தில் கதியாலும் பனையோலையும் வைத்து வேலி அடைப்போம். நெடுந்தீவில் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்தில்லாமல் அடுக்கி வேலி எழுப்புகிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் துவாரம் இருப்பதால் காற்று ஊடாகப் போய்விடும், வேலி சாயாது. எந்தக் கல் எந்தக் கல்லில் இருக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும். ஒழுங்கை ஒழுங்கையாக, தோட்டம் தோட்டமாக, முழுத் தீவும் இந்த வேலிகளால் கட்டுண்டு கிடக்கிறது. அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளிலும் இப்படித்தான் சாந்தில்லாத கல்வேலிகள். நோலன் இங்கே வந்து இறங்கியபோது ஊர் ஞாபகத்தில் கொஞ்சம் நின்றிருப்பாரோ என்னவோ.

சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிற்சர்லாந்து என்று 8 நாடுகளின் பெயரில். 2024இல் அயர்லாந்து உட்பட இன்னும் சில நாடுகள் சேர்ந்தன. நெடுந்தீவில் அதே கலை இன்றைக்கும் கையிருப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அது இல்லை.

ஓட்டோத் தம்பி ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினார். வேலி சரிந்து, கம்பி அடித்திருந்தார்கள்.

"ஏன் தம்பி, கல்லைத் திருப்பி அடுக்கேல்லையோ?"

"அடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் குறைஞ்சு போச்சினம் அக்கா. காணிக்காரர் கனடாவிலை. கல்லும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போட்டாங்கள்."

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடலில் முருகைக்கல் உடைப்பதற்குச் சட்டம் இடம் தராது. அது சரியான சட்டம், முருகைப் பார் போனால் கரையும் போகும், மீனும் போகும். அதனால் புதுக் கல் வரப்போவதில்லை. இருக்கிற கல்லைக் கொண்டுதான் வேலியையும் கோட்டையையும் புறாக்கூட்டையும் திருத்த வேண்டும். வீட்டு அத்திவாரத்துக்கு என்று அள்ளுகிற ஒவ்வொரு கல்லும் கணக்கில் குறைகிற கல்.

இங்கிலாந்துக்காரருக்கும் இந்தப் புத்தி தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரி கட்ட முடியாமல், வேலைக்கு ஆள் இல்லாமல், அவர்கள் தங்கள் கிராமத்து மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். 1955 அளவில் ஐந்து நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில் இடித்தார்கள். 1974இல் லண்டன் விக்டோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் இடிந்துபோன மாளிகைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்த பிறகுதான் பெரிய அளவில் மனம் மாறியது. ஒஸ்போர்ன் தப்பியதற்குக் காரணம், விக்டோரியாவின் மகன் 1902இலேயே அதை நாட்டுக்குக் கொடுத்ததுதான். கடற்படைக் கல்லூரியாக இருந்தது, நோயாளர் தங்குமிடமாக இருந்தது, கடைசியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அரசி குளித்த கடற்கரையில் இன்றைக்கு யாருடைய பிள்ளையும் காலை நனைக்கலாம். என் பிள்ளைகளும் நனைத்தார்கள்.

நெடுந்தீவுக் கோட்டையைத் திருத்திக் கூரை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒல்லாந்தரைக் கொண்டாடவும் கேட்கவில்லை. இந்தக் கல்லெல்லாம் எங்கள் ஆட்கள் சுமந்தது. சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஊர்ச் சங்கம் வைத்து, கோயிலுக்குக் கோபுரம் கட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கணினி அனுப்புகிறோம். நல்ல காரியங்கள். அதோடு சேர்த்து, கல்லடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து, நாலு இளம் பிள்ளைகளுக்கு நாட்கூலி கொடுத்து, ஒரு ஒழுங்கையின் வேலியையாவது திரும்ப எழுப்பலாம். பெரிய காசு தேவையில்லை. கல் அங்கேயே கிடக்கிறது. எழுப்பியவர்களின் பெயரை அந்த ஒழுங்கை முகப்பில் எழுதி வைக்கலாம்.

பின்னேரப் படகில் திரும்பினேன். குறிகட்டுவானில் தேத்தண்ணிக் கடை பூட்டிவிட்டார்கள், அந்த அப்புவைக் காணவில்லை. கண்டிருந்தால் சாராப்பிட்டி ஆச்சி சொன்ன சொல்லைச் சொல்லியிருப்பேன்.

இதை வாசிக்கிறவர்களில் நெடுந்தீவுக்காரர் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் அங்கே பிறந்து வளர்ந்த அப்புவோ ஆச்சியோ இன்னும் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் கதைக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் வளவின் வேலியை அடுக்கியவர் யார்? எந்தக் கல்லை முதலில் வைப்பார்கள்? சொல்வதைச் சொன்னபடியே, பெயரோடு எழுதி வையுங்கள்.